லாயிட் ரிச்சர்ட்ஸ்: முதல் வெற்றிக்கும் டோனி விருதுக்கும் நடுவே என்ன நடந்தது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "அமெரிக்கக் கறுப்பின நாடக இயக்குநர் லாயிட் ரிச்சர்ட்ஸ் 1959இல் நியூயார்க்கின் வணிக நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் ஒரு பெரிய வெற்றியைக் கொடுத்தார். அதன்பின் அவர் பெயர் பெரிதாக அடிபடுவது 1984இல்தான். நடுவில் 25 வருடம் எங்கே போனார்? சிலர் அவரை இயக்குநர் என்கிறார்கள், சிலர் தயாரிப்பாளர் என்கிறார்கள், எது சரி? அவருடைய வேலையை இப்போது பார்க்க வழி உண்டா?"

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்விக்கு உடனே ஒரு பதில்: அவர் எங்கேயும் போகவில்லை. பிராட்வேயிலிருந்து வண்டியில் சில மணி நேரத் தொலைவில், பத்திரிகைக்காரர்கள் விமர்சனம் எழுதக் கூடாது என்று விதி இருந்த ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, மற்றவர்கள் எழுதிய நாடகங்களைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்த வருடங்கள்தான் அவருடைய உண்மையான சாதனை என்பது என் கட்சி. 'பிராட்வேயின் முதல் கறுப்பின இயக்குநர்' என்ற பட்டத்தைக் கொடுத்து, அதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். அந்தப் பட்டத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 1900களின் தொடக்கத்திலேயே கறுப்பினக் கலைஞர்கள் தாங்களே எழுதி, இயக்கி, நடித்த இசை நாடகங்கள் பிராட்வேக்கு வந்திருக்கின்றன. 1903இல் வந்த 'இன் டஹோமி'யை மேடையேற்றிய ஜெஸ்ஸி ஷிப் ஒரு கறுப்பர்தான். ஆகவே 'நவீன பிராட்வேயில் பாட்டு இல்லாத ஒரு முழுநீள நாடகத்தை இயக்கிய முதல் கறுப்பர்' என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். நீளமான பட்டம், ஆனால் நியாயமானது.

ரிச்சர்ட்ஸ் பிறந்தது அமெரிக்காவில் அல்ல, கனடாவின் டொரண்டோவில், 1919 ஜூன் 29 அன்று. பெற்றோர் ஜமைக்காக்காரர்கள். அப்பா தச்சர். ஃபோர்டு தொழிற்சாலையில் வேலை கிடைக்கும் என்று குடும்பம் டெட்ராய்ட்டுக்கு வந்தது. லாயிடுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். சில வருடங்களில் அம்மாவுக்குக் கண்பார்வை போனது. பெருமந்தக் காலம் வேறு. லாயிடும் அவர் அண்ணனும் ஷூ பாலிஷ் போட்டும், முடிதிருத்தும் கடைகளில் தரையைப் பெருக்கியும் வீட்டைக் காப்பாற்றினார்கள். இந்த முடிதிருத்தும் கடையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வேய்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனது வக்கீலாகும் எண்ணத்தோடு. அங்கே நாடகம் பிடித்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் சேர்ந்து, கறுப்பின விமானிகளுக்கென்று தனியாக இருந்த பிரிவில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது போர் முடிந்துவிட்டது. டெட்ராய்ட் திரும்பிக் கொஞ்ச நாள் சமூகநலப் பணி, கொஞ்ச நாள் வானொலி. 1940களின் கடைசியில் நியூயார்க்.

நியூயார்க்கில் ஒரு கறுப்பின நடிகனுக்கு அன்று கிடைத்ததெல்லாம் வேலைக்காரன், சுமைதூக்கி போன்ற வேடங்கள்தான். ரிச்சர்ட்ஸ் உணவகத்தில் பரிமாறினார், வானொலி நாடகங்களில் குரல் கொடுத்தார், ஒன்றிரண்டு பிராட்வே நாடகங்களில் சிறு வேடம் போட்டார். ஆனால் அவருடைய வாழ்க்கையை மாற்றியது பால் மான் என்பவர் நடத்திய நடிப்புப் பட்டறை. ரஷ்ய நாடக ஆசான் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் வழியில் பயிற்சி கொடுத்த அந்த இடத்தில் மாணவராகச் சேர்ந்த ரிச்சர்ட்ஸ் அங்கேயே ஆசிரியரானார். அங்கே பழக்கமானவர்களில் ஒருவர் கறுப்பின நடிகர் சிட்னி பாய்ட்டியர். 'நான் பிராட்வேயில் பெரிய நாடகம் பண்ணினால் நீங்கள்தான் இயக்க வேண்டும்' என்ற பொருளில் பாய்ட்டியர் சொல்லிவைத்திருந்தார். சினிமாக்காரர்கள் இப்படி ஆயிரம் சொல்வார்கள். பாய்ட்டியர் சொன்னபடி செய்தார்.

அந்த நாடகம் லொரெய்ன் ஹான்ஸ்பெர்ரி எழுதிய 'எ ரெய்சின் இன் த சன்'. சிகாகோவின் கறுப்பினப் பகுதியில் ஒரு நெருக்கமான வாடகை வீடு. அப்பா இறந்து வந்த காப்பீட்டுப் பணம் 10,000 டாலர். அதை வைத்து அம்மா வெள்ளையர் பகுதியில் ஒரு வீடு வாங்குகிறாள். மகன் மதுக்கடை வைக்க ஆசைப்பட்டு, மிச்சப் பணத்தை நண்பனிடம் ஏமாந்துவிடுகிறான். வெள்ளையர் பகுதியின் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒருவர் மிகவும் மரியாதையாக வந்து, 'நீங்கள் வராமலிருக்க நாங்களே பணம் தருகிறோம்' என்கிறார். இது கற்பனையில் முளைத்த சம்பவம் அல்ல. ஹான்ஸ்பெர்ரியின் அப்பா சிகாகோவில் இப்படி வீடு வாங்கி, வழக்கு 1940இல் உச்ச நீதிமன்றம் வரை போனது.

பணம் திரட்டியவர் ஃபிலிப் ரோஸ். அதற்கு முன் ஒரு நாடகமும் தயாரித்ததில்லை. எழுத்தாளருக்கு இது முதல் நாடகம், இயக்குநருக்கும் பிராட்வேயில் முதல் நாடகம், நடிகர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் கறுப்பர்கள். பெரிய முதலீட்டாளர்கள் யாரும் தொடவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் சின்னச் சின்னத் தொகையாகச் சேர்த்தார். பிராட்வேயில் அரங்கம் தரவும் ஆள் இல்லை. அதனால் நியூ ஹேவன், ஃபிலடெல்ஃபியா, சிகாகோ என்று வெளியூர்களில் போட்டுப் பார்த்து, கூட்டம் வருகிறது என்று தெரிந்த பிறகுதான் எதெல் பேரிமோர் அரங்கம் கிடைத்தது. 1959 மார்ச் 11 அன்று திரை உயர்ந்தது. மொத்தம் 530 காட்சிகள். நியூயார்க் நாடக விமர்சகர் வட்டத்தின் சிறந்த நாடக விருதும் வந்தது.

இந்த வெளியூர்ப் பயணத்தில் ரிச்சர்ட்ஸ் கற்றுக்கொண்டதுதான் பிற்காலத்தில் அவருடைய முறையாக ஆனது என்று நினைக்கிறேன். ஒத்திகைக்கு முன்பே அவரும் ஹான்ஸ்பெர்ரியும் பிரதியில் நீண்ட நாள் உட்கார்ந்து வேலை செய்திருந்தார்கள். நாடகம் நீளமாக இருந்தது. பக்கத்துவீட்டு திருமதி ஜான்சன் வந்து வம்பளக்கும் ஒரு முழுக் காட்சி வெட்டப்பட்டது. பிற்காலப் பதிப்புகளில் அது திரும்பச் சேர்ந்திருக்கிறது. படித்துப் பார்த்தால் நல்ல காட்சிதான். இருந்தும் வெட்டியது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தக் காட்சி இருந்தால், வெள்ளையர் பகுதியில் குண்டு வீசுகிறார்கள் என்ற செய்தி முன்கூட்டியே பார்வையாளருக்குத் தெரிந்துவிடுகிறது. அது இல்லாதபோது, சங்கத்திலிருந்து வருபவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிப் பேசும்போது, அந்தக் குடும்பத்தைப் போலவே நாமும் அவரை நல்லவர் என்று நம்பிவிடுகிறோம். அப்புறம்தான் உறைக்கிறது.

இன்னொரு சண்டையும் நடந்தது. இது மகனின் நாடகமா, அம்மாவின் நாடகமா என்பதில் பாய்ட்டியருக்கும் ஹான்ஸ்பெர்ரிக்கும் ஒத்துப்போகவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவர் ரிச்சர்ட்ஸ். பாய்ட்டியர் சில மாதங்களில் விலகி, ஆஸி டேவிஸ் அந்த வேடத்துக்கு வந்தார். அந்த நாடகத்தில் சிறிய வேடங்களில் நின்ற டக்ளஸ் டர்னர் வார்டு பின்னாளில் நீக்ரோ என்செம்பிள் கம்பெனி என்ற கறுப்பின நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். லான் எல்டர் பெயர் பெற்ற நாடகாசிரியரானார். ஒரே நாடகத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு தலைமுறையே கிளம்பி வந்தது.

பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுக்கு இந்த நாடகம் நான்கு பிரிவுகளில் பரிந்துரையானது, இயக்கத்துக்கும் சேர்த்து. ஒன்றும் கிடைக்கவில்லை. 1961இல் படமாக்கியபோது நடிகர்கள் பெரும்பாலும் அப்படியே போனார்கள். இயக்குநர் மட்டும் மாறினார். டேனியல் பெட்ரி என்ற வெள்ளையர் இயக்கினார்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதி. வாய்ப்பே கிடைக்கவில்லையா? கிடைத்தது, ஆனால் எப்படிப்பட்ட வாய்ப்பு என்று பாருங்கள். 1960இல் ரிச்சர்ட் ரைட்டின் நாவலிலிருந்து எடுத்த 'த லாங் ட்ரீம்', ஐந்து காட்சிகளில் மூடப்பட்டது. 1962இல் 'த மூன் பிசீஜ்டு', ஒரே ஒரு காட்சி. 1964இல் 'ஐ ஹேட் எ பால்' என்ற இசை நகைச்சுவை, ஏறக்குறைய 200 காட்சிகள். 1965இல் 'த இயர்லிங்', மூன்று காட்சிகள். பிராட்வே சந்தையில் இது மோசமான கணக்கு. ஒரு வெள்ளையர் இரண்டு மூன்று தோல்விகளைத் தாண்டி அடுத்த நாடகத்துக்குப் போய்விடுவார். ஒரு கறுப்பருக்கு அந்தச் சலுகை கிடையாது என்பது உண்மை. ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொன்னால் ரிச்சர்ட்ஸைக் குறைத்து மதிப்பிடுகிறோம். பிராட்வே என்ற இடமே புது நாடகத்துக்கு ஒவ்வாத இடம் என்பதை அவர் அந்த நான்கு நாடகங்களில் நேரில் பார்த்தார். முதல் இரவே மதிப்பெண் போடுகிற ஊரில், ஒரே காட்சியோடு செத்துப்போன நாடகத்தில் ஏதாவது உயிர் இருந்ததா என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

அந்தக் காலத்தில் அவருக்குச் சோறு போட்டது ஆசிரியர் வேலை. நியூயார்க் பல்கலைக்கழகம், அப்புறம் ஹன்ட்டர் கல்லூரி.

1964இல் ஜார்ஜ் வைட் என்பவர் கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்ஃபோர்டு என்ற கடற்கரை ஊரில் யூஜின் ஓ'நீல் நாடக மையத்தைத் தொடங்கினார். பழைய பண்ணை மாளிகை, தொழுவம், புல்வெளி, எட்டிப் பார்த்தால் கடல். ஒவ்வொரு கோடையிலும் அங்கே தேசிய நாடகாசிரியர் மாநாடு நடக்கும். பெயர் மாநாடு என்றாலும், உண்மையில் அது ஒரு பட்டறை. 1968இல் அதன் கலை இயக்குநராக ரிச்சர்ட்ஸ் வந்தார். 1999 வரை அந்தப் பொறுப்பிலிருந்து இறங்கவில்லை. முப்பத்தொரு வருடம்!

அங்கே அவர் வகுத்த முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று அமெரிக்காவில் புது நாடகம் உருவாகும் விதத்துக்கு அதுதான் அச்சு. நாடெங்கிலுமிருந்து வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் பிரதிகள் வரும். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், முகவர் தேவையில்லை. அதிலிருந்து பத்துப் பதினைந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். எழுதியவர் கோடையில் அங்கே வந்து தங்க வேண்டும். தேர்ந்த தொழில்முறை நடிகர்களோடு சில நாள் மட்டும் ஒத்திகை. ஆடை அலங்காரம் கிடையாது. மேடையில் மரப்பலகைத் துண்டுகளை அடுக்கி இது கதவு, இது படுக்கை என்று வைத்துக்கொள்வார்கள். நடிகர்கள் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டே நடிப்பார்கள். இரண்டே காட்சிகள், இரண்டுக்கும் நடுவில் எழுத்தாளர் திருத்தி எழுத நேரம். பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள்.

கையில் பிரதி இருப்பது பெரிய விஷயம். அது இருக்கும்வரை பார்வையாளருக்கு 'இது இன்னும் முடியவில்லை' என்று தெரிந்துகொண்டே இருக்கும். நடிகரும் தன் திறமையால் ஓட்டையை மூடப் பார்க்க மாட்டார். வசனம் தடுக்கிற இடம் வெட்டவெளிச்சமாகத் தெரியும். ரிச்சர்ட்ஸ் அதிகம் பேசாத மனிதர் என்று அவரோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். இப்படி எழுது, அப்படி மாற்று என்று சொல்ல மாட்டாராம், கேள்விதான் கேட்பாராம். வெண்டி வாசர்ஸ்டைன், டேவிட் ஹென்றி ஹுவாங், ஜான் பேட்ரிக் ஷான்லி, லீ பிளெஸ்ஸிங் எல்லோரும் அந்தப் புல்வெளி வழியாக வந்தவர்கள். இந்தப் பட்டியலில் கறுப்பர்கள் மட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள். 'கறுப்பின நாடகத்தின் காவலர்' என்று அவரைச் சுருக்குகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

1979இல் யேல் பல்கலைக்கழகம் அவரைத் தன் நாடகப் பள்ளிக்கு முதல்வராக அழைத்தது. அந்தப் பதவியோடு யேல் ரெப்பர்ட்டரி தியேட்டரின் கலை இயக்குநர் பொறுப்பும் சேர்ந்தே வரும். வயது 60. இப்போது அவர் கையில் மூன்று விஷயங்கள் இருந்தன: பிரதிகளைக் கண்டெடுக்க ஓ'நீல் மையம், நடிகர்களை உருவாக்கப் பள்ளி, நாடகத்தை முழுதாகப் போட ஒரு தொழில்முறை அரங்கம்.

இங்கேதான் 'இயக்குநரா, தயாரிப்பாளரா' என்ற கேள்விக்குப் பதில். பிராட்வேயில் தயாரிப்பாளர் என்றால் பணம் திரட்டுபவர். லாபநோக்கில்லாத அமெரிக்க அரங்கங்களில் அப்படி ஒரு தனி ஆள் கிடையாது. எந்த நாடகம், எந்த வருடம், யார் இயக்குவது, எவ்வளவு செலவு என்பதைக் கலை இயக்குநரே தீர்மானிப்பார், நிர்வாக இயக்குநர் கணக்கைப் பார்ப்பார். அந்த வகையில் 1979 முதல் 1991 வரை ரிச்சர்ட்ஸ் முழுநேரத் தயாரிப்பாளர்தான், தான் இயக்காத நாடகங்களுக்கும் சேர்த்து. நல்ல உதாரணம் தென்னாப்பிரிக்கர் அதோல் ஃப்யூகார்டின் 'மாஸ்டர் ஹெரால்டு'. நிறவெறி ஆட்சியில் ஒரு வெள்ளைக்காரச் சிறுவனும் அவன் வீட்டின் இரண்டு கறுப்பின வேலைக்காரர்களும் பற்றிய நாடகம். அதன் உலக முதல் அரங்கேற்றம் 1982இல் யேலில் நடந்தது, ஃப்யூகார்டே இயக்கினார். அங்கிருந்து பிராட்வே போய், ஜேக்ஸ் மொகாயேவுக்கு டோனி விருது கிடைத்தது. ரிச்சர்ட்ஸ் அதில் செய்தது இடம் கொடுத்ததும், ஒதுங்கி நின்றதும்தான். தயாரிப்பாளர் வேலையில் பாதி அதுதானே.

அதே 1982இல் ஓ'நீல் மையத்துக்கு வந்த பிரதிகளில் ஒன்று 'மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்'. எழுதியவர் ஆகஸ்ட் வில்சன். பிட்ஸ்பர்க்கின் ஹில் டிஸ்ட்ரிக்ட்டில் பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, நூலகத்தில் தானாகப் படித்தவர். அப்போது மின்னசோட்டாவில், முதியவர்களுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சமையல்காரர். முன்பு அனுப்பியவற்றையெல்லாம் ஓ'நீல் மையம் திருப்பி அனுப்பியிருந்தது. இந்த முறை ரிச்சர்ட்ஸ் படித்தார். 1927ஆம் வருடச் சிகாகோ ஒலிப்பதிவுக் கூடத்தில் கறுப்பின இசைக்கலைஞர்கள் பாடகிக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ரிச்சர்ட்ஸுக்கு அந்தக் குரல்கள் பழக்கமானவையாக இருந்தன. டெட்ராய்ட்டில் அவர் தரை பெருக்கிய முடிதிருத்தும் கடைகளில் சனிக்கிழமை காலையில் ஆண்கள் உட்கார்ந்து பேஸ்பாலும் அரசியலும் வாழ்க்கைத் தத்துவமும் பேசினார்களே, அவர்கள்தான் இவர்கள் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பிரதியின் முதல் வடிவம் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் ஓடியது. அந்தக் கோடையிலேயே செய்தி நியூயார்க்குக்குக் கசிந்து, தயாரிப்பாளர்கள் தேடி வந்தார்கள். இதை இசை நாடகமாக மாற்றலாம் என்ற யோசனையோடு நல்ல தொகையும் வந்தது. கையில் காசில்லாத வில்சன் அதை மறுத்துவிட்டு ரிச்சர்ட்ஸோடு போனார். 1984 வசந்தத்தில் யேலில் மேடையேறி, அக்டோபரில் பிராட்வேயின் கார்ட் அரங்கத்துக்கு வந்தது. லெவி என்ற எக்காளக்காரராக நடித்த சார்ல்ஸ் டட்டன் ரிச்சர்ட்ஸின் யேல் மாணவர். சிறையில் இருந்தபோது நாடகத்தைக் கண்டுபிடித்தவர். 276 காட்சிகள். நீங்கள் குறிப்பிட்ட 1984 இதுதான்.

அதன்பிறகு அவர்கள் போட்ட பாதை ஒவ்வொரு நாடகத்துக்கும் ஏறக்குறைய ஒன்றே. முதலில் ஓ'நீலில் கையில் பிரதியோடு வாசிப்பு. அடுத்து யேலில் முழுத் தயாரிப்பு. அங்கிருந்து நேரே பிராட்வே போகாமல், பாஸ்டன், சிகாகோ, சியாட்டில், சான் டியேகோ என்று வெவ்வேறு ஊர் அரங்கங்களில் வருடக் கணக்கில் சுற்று. கடைசியில்தான் நியூயார்க். இதற்கான கணக்கு வழக்கைப் பின்னியவர் யேலின் நிர்வாக இயக்குநர் பெஞ்சமின் மோர்டிகாய். 1959இல் 'ரெய்சின்' போன வெளியூர் முன்னோட்டங்கள் இதற்குள் தாங்க முடியாத செலவாகியிருந்தன. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் லாபநோக்கில்லாத ஓர் அரங்கம், வருடச் சந்தா கட்டிய பார்வையாளர்களோடு தயாராக இருந்தது. ஒவ்வொரு அரங்கமும் தன் பங்குச் செலவை ஏற்றுக்கொண்டால் நாடகம் நகர்ந்துகொண்டே இருக்கும். வில்சனும் கூடவே போய் ஒவ்வொரு ஊரிலும் திருத்துவார். 'த பியானோ லெசன்' யேலில் அரங்கேறியது 1987 கடைசியில். பிராட்வேயை எட்டியது 1990 ஏப்ரலில். நாடகத்தின் மையமாக இருக்கும், மூதாதையர் வழி வந்த பியானோ கடைசியில் யாருக்கு என்ற கேள்விக்கு யேலில் பதிலே இல்லாமலிருந்தது. ஊர் ஊராகப் போய்த்தான் முடிவைக் கண்டுபிடித்தார்கள். பிராட்வேக்கு வருவதற்குச் சில நாள் முன்பே அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்துவிட்டது.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை 'ஃபென்சஸ்'. 1957, பிட்ஸ்பர்க், குப்பை வண்டித் தொழிலாளி டிராய் மாக்சன். கறுப்பர் மட்டும் ஆடிய லீக்கில் பேஸ்பால் வீரனாக இருந்து, பெரிய லீக்குகள் கதவைத் திறந்தபோது வயது தாண்டிப்போனவன். ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் நடித்தார். சிக்கல் கடைசிக் காட்சியில். டிராய் இறந்துவிட்டான், சவ அடக்கத்துக்கு வீடு தயாராகிறது. போரில் தலையில் அடிபட்டு மனம் பேதலித்த தம்பி கேப்ரியல், சொர்க்கக் கதவைத் திறக்கச் சொல்லி எக்காளம் ஊத வருகிறான். எக்காளத்தில் வாய் வைத்து ஊதும் பகுதியே இல்லை. ஊதுகிறான், சத்தம் வரவில்லை. மறுபடி ஊதுகிறான். மூன்றாவது முறையும் ஒன்றுமில்லை. பிறகு மெதுவாக ஒரு விசித்திரமான ஆட்டம் ஆடத் தொடங்குகிறான், தொண்டையிலிருந்து பாட்டு போல ஏதோ வருகிறது, வானம் திறக்கிறது.

நாடகம் சான் பிரான்சிஸ்கோவில் ஓடிக்கொண்டிருந்தபோது பிராட்வே தயாரிப்பாளர் கேரல் ஷோரன்ஸ்டைன் ஹேய்ஸுக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. ஜோன்ஸுக்கும் திருப்தியில்லை. இரண்டு மணி நேரம் யதார்த்தமாகப் போன குடும்ப நாடகத்தில் கடைசியில் இது என்ன ஆட்டம் என்ற கேள்வி நியாயமானதுதான். இயக்குநரையே மாற்றிவிடலாம் என்ற அளவுக்குப் பேச்சு போனது. வில்சன் தன் இயக்குநர் பக்கம் நின்றார், ரிச்சர்ட்ஸ் எழுத்தாளரின் முடிவுப் பக்கம் நின்றார். முடிவு மாறவில்லை. 1987 மார்ச்சில் பிராட்வே. புலிட்சர் பரிசு. சிறந்த நாடகம், சிறந்த நடிகர், சிறந்த துணை நடிகை, சிறந்த இயக்கம் என்று நான்கு டோனி விருதுகள். 525 காட்சிகள். பாட்டில்லாத நாடகத்துக்கான டோனி இயக்குநர் விருதை ஒரு கறுப்பர் வாங்கியது அதுதான் முதல் தடவை (இசை நாடகத்துக்கு ஜெஃப்ரி ஹோல்டர் 1975இலேயே வாங்கிவிட்டார்). ரிச்சர்ட்ஸுக்கு அப்போது வயது 67. அடுத்த வருடம் 'ஜோ டர்னர்ஸ் கம் அண்ட் கான்' அரங்கேறியபோது, ஒரே நேரத்தில் வில்சன், ரிச்சர்ட்ஸ் கூட்டணியின் இரண்டு நாடகங்கள் பிராட்வேயில் ஓடின. இரண்டாவது ஓடிய இடம் பழைய எதெல் பேரிமோர் அரங்கமேதான்.

குறை சொன்னவர்களும் உண்டு. யேலில் அவருக்கு முன் முதல்வராக இருந்த விமர்சகர் ராபர்ட் பிரஸ்டைன், பொதுப் பணத்திலும் நன்கொடையிலும் நடக்கும் அரங்கங்களைப் பிராட்வே நாடகத்துக்கு முன்னோட்ட மேடையாக்கிவிட்டார்கள், ஊருக்கு ஊர் ஒரே நாடகம் ஓடுகிறது என்று சாடினார். வில்சன் மீது அவருக்கிருந்த இலக்கிய மனத்தாங்கலைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், அதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரே மனிதர் பிரதியைத் தேர்வு செய்து, தன் அரங்கத்தில் போட்டு, தானே இயக்கி, பிராட்வேக்கும் கொண்டுபோவது அதிகாரக் குவிப்புதான். அந்த வாசலில் திரும்பிப் போன மற்ற ஆயிரம் பேர் வேறு எங்கே போவார்கள்? ஆனால் ஒரு விஷயத்தில் பிரஸ்டைனோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. அந்த ஊர்களில் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது பழைய சரக்கு இல்லை. முடிவே இன்னும் எழுதப்படாத ஒரு பெரிய நாடகத்தை, எழுதியவர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்க, பாஸ்டன்காரரும் சியாட்டில்காரரும் பார்த்தார்கள். பிராட்வே பார்வையாளருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வில்சனின் பத்து நாடக வரிசையில் ஆறை ரிச்சர்ட்ஸ் பிராட்வேக்குக் கொண்டுவந்தார். 'டூ ட்ரெயின்ஸ் ரன்னிங்' 1992இல், கடைசியாக 'செவன் கிட்டார்ஸ்' 1996இல். அதன்பின் வில்சன் வேறு இயக்குநர்களிடம் போனார். வில்சன் 2005 அக்டோபரில் போய்ச் சேர்ந்தார். ரிச்சர்ட்ஸ் 2006 ஜூன் 29 அன்று, தன் 87ஆவது பிறந்தநாளிலேயே இறந்தார்.

சரி, கடைசிக் கேள்வி. இன்று எளிதாகக் கிடைக்கிற படங்களில் அவர் கை இல்லை. 2016இல் வந்த 'ஃபென்சஸ்' டென்சல் வாஷிங்டன் இயக்கியது, 2020இன் 'மா ரெய்னி' ஜார்ஜ் சி. வுல்ஃப் இயக்கியது, 2024இன் 'பியானோ லெசன்' மால்கம் வாஷிங்டன் இயக்கியது. நீங்கள் தேட வேண்டியது 1995இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுத்த 'த பியானோ லெசன்'. அதை ரிச்சர்ட்ஸே இயக்கினார். சார்ல்ஸ் டட்டன், ஆல்ஃப்ரே வுடார்ட் நடித்தார்கள். கேமரா வித்தை எதையும் அதில் எதிர்பார்க்காதீர்கள். சமையலறை மேசையைச் சுற்றி நான்கு ஆண்கள் உட்கார்ந்து, சிறைக் காலத்துப் பாட்டைத் தாளம் தட்டிப் பாடும் காட்சி வரும். அதை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை பாடுகிறவர்களைப் பாருங்கள். இரண்டாவது தடவை, தன் முறை வருவதற்காகக் காத்திருப்பவர் முகத்தைப் பாருங்கள். ரிச்சர்ட்ஸ் நடிகர்களிடம் எதை வாங்கினார் என்பது அங்கே தெரியும். 2024 படத்திலும் அதே காட்சி இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.